இடது ஓரத்தில் யார்?

அத்தியாயம் ஒன்பது

கிருஷ்ணப்பன் வெள்ளிக்கிழமை காபி கிளப்பில் உட்கார்ந்து அந்தச் சேதியைச் சொன்னதிலிருந்து தீர்த்தம்மாளுக்கு ஒரு கவளம் ஒழுங்காக இறங்கவில்லை.

மொரப்பூர் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை ஏற்றி இறக்கும் கன்ட்ராக்ட் அவருடையது. ஊர்க் கால்பந்து டீமும் அவருடையதே. டீமில் ஆடுகிறவனுக்கு ஷெட்டில் வேலை உண்டு. டீமை விட்டு நின்றவனுக்கு ஷெட்டிலும் இடமில்லை. இத்தனை காலம் அது நல்ல சட்டமாகத்தான் இருந்தது. உலகச் சண்டை வந்தது. ரயில் வண்டிகளெல்லாம் பட்டாளத்துச் சரக்குக்குப் போய்விட்டன. புளியும் கடலையும் ஷெட்டில் வந்து குவிவது நின்றது. இதற்கு நடுவில் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு புது ஆட்டக்காரனும் வரப்போகிறான்.

"இடது ஓரத்துல ரெண்டு பேரு ஆடறாங்க. இனிமே ஒருத்தன்தான். யாரை வெச்சுக்கறது, யாரை விடறதுன்னு ஞாயித்துக்கெழமை ஆட்டத்தைப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க," என்று ஊர்க்காரர்கள் தலையில் போட்டுவிட்டார் கிருஷ்ணப்பன்.

அந்த இரண்டு பேரில் ஒருவன் மாதப்பன், தீர்த்தம்மாளின் புருஷன். மற்றவன் செல்லன், அவளுடைய தம்பி.

இருவரும் தனித்தனியாக அவளிடம் ஒரே பேச்சைத்தான் பேசியிருந்தார்கள். மழை பொய்த்த காட்டில் கொத்துவதற்கு ஒன்றுமில்லை. ஷெட்டும் இல்லையென்றால் பட்டாளம்தான். திங்கட்கிழமை காலை, ஆள் எடுக்கிற ஆபீசர் மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வருகிறார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் முன்பே அவளுடைய அம்மா பழனியம்மாள் வந்து நின்றாள். கையில் புரச இலைப் பொட்டலம். இலை நனைந்து சிவந்திருந்தது.

"ஆட்டு ஈரல். மொத ஆளா நின்னு வாங்கியாந்தேன். சுட்டு மாப்ளைக்குக் குடு."

தீர்த்தம்மாள் வாங்கிக்கொண்டாள். அம்மா போகவில்லை. அடுப்பின் பக்கத்தில் குந்தி, சுள்ளியை ஒடித்து ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எதையோ சொல்ல வந்திருக்கிறாள் என்று அந்தச் சுள்ளி ஒடிகிற சத்தத்திலேயே தெரிந்தது.

"மாப்ளை எங்க?"

"பந்துக்குத் தோல் தைக்கப் போயிருக்காங்க."

"நல்லதாப் போச்சு." பழனியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "கிருஷ்ணப்பங்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லணும் தாயி. பொழுது சாஞ்சா உம் புருசனுக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்லணும்."

தீர்த்தம்மாளின் கை இலையின் மேலேயே நின்றுவிட்டது.

போன ஆடியில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு மாதப்பனுக்கு மாலைக்கண். பகலில் பருந்துப் பார்வை. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் வருகிற ஆளின் நடையை வைத்து இன்னார் என்று சொல்லிவிடுவான். சூரியன் இறங்கினால் போதும். "கண்ணுக்குள்ள யாரோ சாம்பலைக் கொட்டுற மாதிரி இருக்குது," என்று அவளிடம் மட்டும் சொன்னான். வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்றும் சொன்னான். வாரா வாரம் மகள் ஈரல் வாங்குவதைப் பார்த்து அம்மா தானாகவே கண்டுகொண்டாள். கேழ்வரகுக்கே திண்டாடுகிற வீட்டில் ஈரல் எதற்கென்று ஒரு தாய்க்குத் தெரியாதா?

"அம்மா, அவுங்களும் பட்டாளத்துக்குப் போறேன்னுதான் சொல்றாங்க."

"சொல்லுவாரு. கட்டுனவ இருக்கிறா, போக மாட்டாரு. செல்லன் போயிருவான். பொன்னன் சொல்லிட்டா போனான்? சட்டியில களி ஆறிக்கிட்டு இருந்துச்சு. சொல்லாமயே ரயில் ஏறிட்டான்."

பொன்னன் மூத்தவன். பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போனான் என்பதற்குப் பிறகு அவனைப் பற்றி எந்தச் சேதியும் இல்லை. அவன் பெயரைச் சொன்ன பிறகு அந்த வீட்டில் யாரும் உடனே பேசுவதில்லை. அடுப்பில் சுள்ளி வெடித்தது.

"ஒருத்தனைக் குடுத்துட்டேன்," என்றாள் பழனியம்மாள். "இன்னொருத்தனைக் குடுக்க எங்கிட்ட வயிறு இல்லை. செல்லங்கிட்டக் காலையிலயே சத்தியம் வாங்கிட்டேன், பொன்னன் பேர்ல. டீம்ல வெச்சுக்கிட்டா ஊரை விட்டுப் போறதில்லைன்னு பண்ணியிருக்கான். மிச்சம் உங்கையிலதான் இருக்குது."

"என்னால ஆகாதும்மா."

"நான் போய்ச் சொன்னா மாமியாக்காரி பொச்சரிப்புன்னு சொல்லுவாங்க. நீ சொன்னா நம்புவாங்க." அவள் எழுந்து புடவையில் கையைத் துடைத்தாள். "ஈரலைக் கருக்கிடாதே. உள்ள கொஞ்சம் பச்சையா இருக்கணும்."

கண்ணுக்கு மருந்தையும், அந்தக் கண்ணைக் காட்டிக்கொடுக்கிற பேச்சையும் ஒரே கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அம்மா படலைச் சாத்திக்கொண்டு போனாள். தீர்த்தம்மாளுக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மாதப்பன் வந்தான். தணலில் சுட்ட ஈரலை உப்புத் தொட்டுத் தின்றான்.

"இன்னைக்கு ஏது இது?"

"அம்மா குடுத்துட்டுப் போச்சுங்க."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "அத்தைக்குத் தெரியுமா?"

"ஒடம்புக்கு நல்லதுன்னு குடுத்துச்சுங்க. வேற ஒண்ணும் சொல்லலை."

அவன் அவளைப் பார்த்தான். பகல் வெளிச்சத்தில் எதையும் தவறவிடாத கண். அவள் குனிந்து சாம்பலைக் கிளறினாள்.

"செல்லன் பக்கத்துல இருக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் பயமில்லை," என்றான் அவன். "நான் சொல்லாமயே கண்டுக்கிட்டான். பந்து வருதுன்னா கூப்பிடுவான். சத்தம் எங்கயிருந்து வருதோ அதுலயே எனக்குப் பந்து தெரிஞ்சிரும். உந்தம்பி மாதிரி ஒருத்தன் கெடைக்க மாட்டான்."

அந்தத் தம்பியும் இவனும்தான் ஒரே இடத்துக்கு நிற்கிறார்கள். அவனுக்கும் அது தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதே இல்லை.

மாசி மாதத்தில் வற்றிய ஏரிதான் ஊருக்கு மைதானம். ஷெட் வேலை முடிந்து ஆள் வந்து சேர்ந்த பிறகு தொடங்குகிற ஆட்டம், எப்படியும் பொழுது சாய்ந்துதான் முடியும். கரையோரம் தீர்த்தம்மாள் வெள்ளரிப் பிஞ்சுக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். பெண்கள் ஆட்டம் பார்க்க வருவதில்லை. விற்க வருகிறவளை யாரும் பெண்ணென்று கணக்கில் வைப்பதும் இல்லை. அதனால் அவள் காதுபடவே எல்லாம் பேசுவார்கள்.

அன்றைக்கு வாதம் பந்து தரையில் படும் முன்பே தொடங்கிவிட்டது.

"மாதப்பனை விட்டா டீமு குட்டிச்சுவரு," என்றான் வண்டிக்கார மாயவன். "கோலு முன்னாடி எலையில சோறு வெக்கிற மாதிரி கொண்டாந்து வெப்பான் பாரு பந்தை. எவனாச்சும் செய்யச் சொல்லு."

"வெப்பான், வெப்பான். இண்டர்வெல் வரைக்கும் குதிரை. அப்புறம் மைல்கல்லு," என்றார் தையல்காரர். "போன ஆட்டத்துல பந்து காலுக்குக் கீழயே போச்சு. மகராசன் வானத்தைப் பாத்துட்டு நின்னான்."

"களைச்சிருப்பான். நாள் பூரா மூட்டை தூக்குறவன்."

"செல்லன் மட்டும் பஞ்சா தூக்கறான்? கடைசி வரைக்கும் ஓடறானில்ல?"

"ஓடி என்ன பிரயோசனம்? கோலு அடிக்க வேண்டிய எடத்துல 'மாமா, மாமா'ன்னு கத்திக்கிட்டு நிக்கறான். கம்பங்கொல்லையில குருவி ஓட்டுறவன் மாதிரி."

"அக்காளைக் கட்டுனவன்னு மரியாதையப்பா!"

"மரியாதையை வூட்டுல வெச்சுக்கச் சொல்லு. களத்துல என்னத்துக்கு?"

சிரிப்பு எழுந்தது. மாயவன் கூடையிலிருந்து ஒரு பிஞ்சை எடுத்துக் கடித்தான். அப்போதுதான் அவளைக் கவனித்தவன்போல், "நீ சொல்லு தாயி, ஆரை வெச்சுக்கலாம்? புருசனா, தம்பியா?" என்றான்.

எல்லாரும் திரும்பினார்கள். விளையாட்டுக்குத்தான் கேட்டான்.

"உப்பு வேணுங்களா?" என்று கேட்டாள் அவள்.

"பாத்தியா, கெட்டிக்காரி," என்று சிரித்துவிட்டு மாயவன் திரும்பிக்கொண்டான்.

பாயின்ட்ஸ்மேன் சவுரியப்பன் விசில் ஊதினார். ரயில்வேக்காரர் என்பதால் அவரிடம்தான் விசில் இருந்தது. ரெஃப்ரியும் அவரே.

முதல் பாதியில் மாதப்பன் எதிர்க்கரைப் பக்கம் ஆடினான். இவ்வளவு தூரத்திலிருந்தும் அவனைத் தெரிந்தது. வெறுங்காலில் கணுக்காலுக்கு மட்டும் துணி சுற்றியிருந்தான். எதிர் டீமில் ஆடிய பொம்மிடிக்காரன் ஒருவன் குறுக்கே வந்தான். மாதப்பன் பந்தை அவனுடைய வலப்பக்கம் தட்டிவிட்டு, ஆள் மட்டும் இடப்பக்கமாகச் சுற்றி ஓடி அதைப் பிடித்தான். கரை முழுக்க எழுந்து நின்றது. அவன் அடித்த பந்து கோல் முன்னால் வந்து இறங்க, நடுவில் நின்றவன் தலையை நீட்டியதுதான் பாக்கி. கோல்.

"எலையில சோறு!" என்று கூவினான் மாயவன். "இப்ப சொல்லுய்யா தையக்காரரே!"

"பொழுது எறங்கட்டும், சொல்றேன்," என்றார் அவர்.

இதில் தன் சந்தோஷம் எந்தப் பக்கம் என்று தீர்த்தம்மாளுக்கே தெரியவில்லை. புருஷன் நன்றாக ஆடினால் தம்பி ஒரு படி கீழே போகிறான். தம்பி நன்றாக ஆடினால் புருஷன். அவள் வெள்ளரிப் பிஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து மறுபடியும் கூடையிலேயே வைத்தாள்.

இடைவேளையில் கிருஷ்ணப்பன் குடையை ஊன்றிக்கொண்டு கரைக்கு வந்தார். "என்னப்பா, முடிவு பண்ணிட்டீங்களா?"

பத்துக் குரல் ஒன்றாக எழுந்தது. தையல்காரர் கையைத் தூக்கி மற்றவர்களை அடக்கினார்.

"நான் ஒண்ணு சொல்றேனுங்க. இவன் கூப்பிட, அவன் அடிக்க, ஆரு ஆட்டக்காரன்னே தெரிய மாட்டேங்குது. செல்லனை வாயை மூடிக்கிட்டு ஆடச் சொல்லுங்க. அவனவன் ஆட்டத்தை அவனவன் ஆடட்டும். அப்ப எடை போட்டுரலாம்."

"அது சரி," என்றான் மாயவன்கூட. "அது நாயம்."

கிருஷ்ணப்பனுக்கும் பிடித்துப்போயிற்று. கை தட்டிச் செல்லனைக் கூப்பிட்டார். "டேய், இனிமே உன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்துச்சுன்னா அந்த நிமிசமே உன்னை எடுத்துருவேன். ஷெட்டுப் பக்கமும் வராதே. வெளங்குச்சா?"

செல்லன் தலையை ஆட்டினான். பிறகு தண்ணீர் குடிக்க அக்காவின் பக்கம் வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"கூப்பிட மாட்டியா?" என்று மெல்லக் கேட்டாள் அவள்.

"எப்படிக்கா கூப்பிடறது? எடுத்துட்டா பட்டாளம்தான். பொன்னண்ணன் பேர்ல சத்தியம் பண்ணியிருக்கேன்." சொம்பை வாயில் வைத்தவன் குடிக்காமலே இறக்கினான். "இன்னும் வெளிச்சம் இருக்குதில்லக்கா?"

அவள் மேற்கே பார்த்தாள். வத்தல்மலைப் பக்கம் சூரியன் பாதி இறங்கியிருந்தது. இரண்டு பேரும் சிறிது நேரம் அந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விசில் ஊதியது.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறும். மாதப்பன் இப்போது அவள் உட்கார்ந்திருந்த கரையோரமாக வந்து நின்றான். கூப்பிடு தூரம்கூட இல்லை. அவன் மூச்சு வாங்குவது கேட்டது.

முதலில் கொஞ்ச நேரம் சமாளித்தான். பிறகு மலை சூரியனை விழுங்கியது. மற்றவர்களுக்கு அது இருட்டே இல்லை. ஏரி முழுக்க நல்ல வெளிச்சம் பரவிக் கிடந்தது. மாதப்பன் மட்டும் தலையை இப்படியும் அப்படியும் சாய்க்கத் தொடங்கினான். அவள் அறிந்த சாய்ப்பு அது. வீட்டில் சொம்பைத் தேடும்போது அப்படித்தான் சாய்ப்பான்.

ஒரு பந்து உருண்டு வந்தது. அவன் காலிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போயிற்று. அவன் அசையவில்லை.

"மைல்கல்லு!" என்றார் தையல்காரர். கரை சிரித்தது.

மாதப்பன் செல்லன் இருக்க வேண்டிய பக்கம் முகத்தைத் திருப்பினான். "செல்லா?" என்றான் தணிந்த குரலில். செல்லன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். எப்போதும் வருகிற சத்தம் ஏன் வரவில்லை என்று மாதப்பனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இடைவேளையில் அவன் ஏரியின் அந்தப் பக்கத்தில் காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தான்.

இன்னொரு பந்து. இந்த முறை அவன் சத்தத்தைக் கேட்டுக் காலை வீசினான். காற்றைத்தான் உதைத்தான். நிலை தடுமாறி, வண்டல் எடுத்த பள்ளத்தில் ஒரு கால் இறங்கி விழுந்தான். கையை ஊன்றி எழுந்து, தப்பான திசையைப் பார்த்து நின்றான்.

"சாமி கும்பிடறான்டா!"

சிரிப்பு அடங்கவில்லை. தீர்த்தம்மாள் கூடையின் விளிம்பைப் பிடித்திருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம். அவள் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அம்மா கேட்டது தானாக நடந்துவிடும். சோம்பேறி என்று சொல்லி அவனை விடுவார்கள். தம்பி நிற்பான். புருஷன் கண்ணைப் பற்றி ஊருக்குத் தெரியாமலும் போகும்.

அப்படித்தான் நினைத்தாள். அந்த நினைப்பு முடிவதற்குள் செல்லன் பந்தை அவன் பக்கம் தள்ளினான். வாய் மூடியிருந்தது. முகம் மட்டும் கோணி அழுதது. பந்து நேராக மாதப்பனை நோக்கி வந்தது. அவனோ இரண்டு கைகளையும் கொஞ்சம் முன்னால் நீட்டி, சுவரைத் தேடுகிறவன்போல் நின்றிருந்தான்.

அவள் எழுந்துவிட்டாள். கூடை கவிழ்ந்தது.

"ஏனுங்க!"

புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. சொல்லவும் வராது. வீட்டில் கூப்பிடுகிற அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. ஏரியில் இருந்த ஆண்பிள்ளை அத்தனை பேரும் திரும்பினார்கள். ஊரில் எந்தப் பெண்டாட்டி கூப்பிட்டாலும் அந்த வார்த்தைதானே. ஆனால் குரலை அறிந்தவன் ஒருவன்தான். அவன் முகம் விளக்கேற்றினாற்போல் தெளிந்தது.

"பந்துங்க! எடது காலுக்கு வருதுங்க! இப்ப!"

மாதப்பன் இடது காலை வீசினான். பொத்தென்று சத்தம் கேட்டது. பந்து எழும்பி, வளைந்து, கோல் முன்னால் சரியாக வந்து இறங்கியது. ஓடி வந்த செல்லன் அதை உள்ளே அடித்தான்.

கோல். யாரும் கத்தவில்லை. சவுரியப்பன் விசிலை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அந்த அமைதியில், தான் என்ன செய்தோம் என்று தீர்த்தம்மாளுக்குப் புரிந்தது.

கிருஷ்ணப்பன் மெல்ல நடந்து மாதப்பனின் எதிரில் போய் நின்றார். கையைத் தூக்கி அவன் முகத்துக்கு முன்னால் மூன்று விரலைக் காட்டினார்.

"மாதப்பா, இது எத்தனை?"

மாதப்பன் குரல் வந்த பக்கம் பார்த்துச் சிரித்தான். கோல் விழுந்த சிரிப்பு இன்னும் அவன் முகத்தில் இருந்தது.

"எது எத்தனைங்க?"

கிருஷ்ணப்பன் விரல்களை மடக்கிக்கொண்டார். கரையிலிருந்து யாரோ, "மாலைக்கண்ணு," என்றார்கள். மாயவன் கடித்த பிஞ்சை விழுங்க முடியாமல் துப்பினான். தையல்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் மாதப்பனின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"செல்லன் இருக்கட்டும்," என்றார் கிருஷ்ணப்பன். எடை போட இனி என்ன இருக்கிறது?

செல்லன் ஓடி வந்து மாதப்பனின் கையைப் பிடித்தான். "மாமா, நான் கூப்பிடக்கூடாதுன்னுட்டாங்க மாமா." மாதப்பன் கையை உருவிக்கொண்டான். கோபமாக இல்லை. பிறத்தியார் பொருளைத் திருப்பித் தருகிறவன்போல் உருவிக்கொண்டான்.

இருட்டில் வீட்டுக்குப் போக அவனுக்கு ஒரு வழி உண்டு. ரயில் பாதைக்குப் போய், வெறுங்காலால் தண்டவாளத்தைத் தொட்டுத் தொட்டு நடப்பான். தீர்த்தம்மாள் எப்போதும் முன்னால் போவாள். அவள் மெட்டிச் சத்தம் திரும்புகிற இடத்தில் அவனும் திரும்புவான். இன்றைக்கு அவன் முன்னால் போனான். திரும்ப வேண்டிய இடம் வந்தது. அவன் நேராகப் போய்க்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, இந்தப் பக்கம்."

நின்றான். திரும்பினான்.

மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். விளக்கேற்றுவது சோறாக்கும்போது மட்டும்தான். மாதப்பன் உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டான். அவள் அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தேடிக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை, கூப்பிட்டேன், அவ்வளவுதான். இரண்டும் வேறு வேறு என்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? அவளுக்கே அது வேறு வேறாகத் தெரியவில்லை.

படல் திறந்தது. பழனியம்மாள் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். வாசலின் அந்தி வெளிச்சத்திலிருந்து வந்தவளுக்கு மகளின் உருவம் மட்டும்தான் மங்கலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"கேள்விப்பட்டேன் தாயி." அவள் மகளின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள். "காலையில ஆகாதுன்னியே, ஊரு முன்னாடியே சொல்லிட்டியாமே. எம்புள்ளையைக் காப்பாத்திட்டே. பொன்னன் போன நாள்லேருந்து இன்னைக்குத்தான் எனக்கு மூச்சு வருது."

"அம்மா..." என்றாள் தீர்த்தம்மாள். கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

"மாப்ளைக்கு ஒண்ணும் ஆவாது. ஈரல் குடுத்துக்கிட்டே இரு. கண்ணு சரியாயிரும். அவருக்குச் சொல்ற விதத்துல சொல்லிக்கலாம்."

"சொல்லுங்க அத்தை," என்றது சுவரோரத்துக் குரல். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

பழனியம்மாளின் பிடி தளர்ந்தது. இருட்டைப் பார்த்தாள். கண் நன்றாகத் தெரிகிற அவளால் அங்கே இருந்தவனைப் பார்க்க முடியவில்லை. கடைசியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள்.

தீர்த்தம்மாள் அடுப்பைப் பற்றவைத்தாள். அடுப்பு எரிந்தது. காலையில் மிச்சம் வைத்திருந்த ஈரல் துண்டை அவள் தணலில் வாட்டி, வட்டிலில் வைத்து அவன் முன்னால் நகர்த்தினாள்.

"அத்தை ஒண்ணும் சொல்லலைன்னியே காலையில."

அவள் தணலைக் கிளறினாள்.

"அத்தை இப்படிக் கேட்டுச்சுன்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே வெலகியிருப்பேன். செல்லன் எனக்கு யாரு? அவனுக்கு விட்டுக் குடுக்க மாட்டேனா?" அவன் வட்டிலைத் தேடித் தொட்டு, அவள் பக்கமாகத் திரும்பத் தள்ளினான். "கோலு விழுந்துச்சுன்னு சிரிச்சுக்கிட்டு நின்னேனே, அதுதான் மனசை அறுக்குது."

"நான் சொல்லலைங்க," என்றாள். "நீங்க கையை நீட்டிக்கிட்டு நின்னீங்க. பாக்க முடியலை. கூப்பிட்டேன். வேற ஒண்ணும் இல்லைங்க."

அவன் நம்பினானா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. அடுப்பின் வெளிச்சம் அவன் கண்ணில் விழுந்தது. அந்தக் கண் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"இந்த ஈரல் இனிமே வேண்டாம்," என்றான். "பகல்ல எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குது. ஆபீசரு பகல்லதான் பாக்கறாரு."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்தும் உடம்பு குளிர்ந்துவிட்டது. காலை வெயிலில் பிளாட்பாரத்தில் மேசை போட்டு உட்காருவார்கள். தூரத்தில் இருப்பதைக் காட்டி என்ன என்று கேட்பார்கள். அவன் எல்லாரையும்விட நன்றாகச் சொல்லுவான். எடுத்துக்கொள்வார்கள். பொன்னன் போன திசைக்கே அனுப்புவார்கள். அங்கேயும் தினம் பொழுது சாயும். அங்கே யார் கூப்பிடுவார்கள்?

"வேண்டாங்க," என்றாள்.

மாதப்பன் துண்டை உதறி விரித்துப் படுத்தான். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"நாளைக்கு டேசன் பக்கம் வராதே," என்றான். "வந்தாலும், அங்க நின்னு என்னைக் கூப்பிடாதே."